தாமதம் யாருடையது?



கிராமப்புறத் தாய்மாருக்கு மருத்துவ வசதி எட்டுவது பற்றிப் பேசச் சொன்னீர்கள். இந்தத் தலைப்பில் நடக்கும் கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். கிராமத்துப் பெண்ணுக்கு விவரம் போதாது. மாமியார் பேச்சைக் கேட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். சத்து மாத்திரை கொடுத்தால் விழுங்காமல் அலமாரியில் போட்டுவைக்கிறாள். ஆகவே அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். சுகாதாரத் துறையில் பணியாற்றிய காலத்தில் இப்படிப்பட்ட மேடைகளில் நானும் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். கைதட்டல் கிடைக்கும், மேடையில் இருக்கும் யார் மேலும் பழி விழாது, நிம்மதியாக வீடு திரும்பலாம். இன்று அந்தத் தடத்தில் போகப் போவதில்லை. ‘நோயாளி தாமதமாக வந்தார்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறோமே, அந்தத் தாமதம் யாருடையது என்பதுதான் என் கேள்வி.

திண்டிவனத்தில் 1890களின் தொடக்கத்தில் கழிந்த ஓர் இரவைப் பற்றி உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஐடா ஸ்கடர், அமெரிக்க மிஷன் மருத்துவரின் மகள்; மருத்துவம் படிக்கும் எண்ணமே இல்லாத இளம்பெண். ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டி, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியரைப் பார்க்க வருமாறு அவரை அழைத்தார்கள். நான் மருத்துவர் இல்லை, தந்தையை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் வரக்கூடாது என்று மறுத்துத் திரும்பினார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவு அவரை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1900இல் மருத்துவராக வேலூருக்குத் திரும்பினார். இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் கணவன்மாரின் மூடத்தனத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. அந்த மூவரும் நள்ளிரவில் எழுந்து, துரை வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஆபத்து என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. உதவியை எங்கே கேட்பது என்றும் தெரிந்திருந்தது. ஊரில் இல்லாமல் போனது வைத்தியம் தெரிந்த ஒரு பெண். ஐடா அம்மையாரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். கணவன்மாரைத் திருத்தப் புறப்படாமல், 1918இல் வேலூரில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

அந்த இரவுக்கு நூறு ஆண்டுகள் கழித்து இதையே ஆய்வாளர்கள் வேறு விதமாக வகுத்தார்கள். செரீன் தாடியஸ், டெபரா மெய்ன் என்ற இருவர் 1994இல் வெளியிட்ட கட்டுரையில், பேறுகாலச் சாவுக்கு முன்னால் மூன்று தாமதங்கள் நிற்கின்றன என்றார்கள். வீட்டை விட்டுக் கிளம்ப முடிவெடுப்பதில் ஒன்று. வழியில் ஒன்று. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. பயிற்சி வகுப்புகளில் இந்த மூன்றையும் படம் போட்டு ஒப்பிப்போம். ஆனால் அக்கட்டுரையின் கூர்மையான பகுதியை விட்டுவிடுவோம். மூன்றும் தனித்தனியானவை அல்ல. போனால் கவனிக்க மாட்டார்கள், ராத்திரியில் ஆள் இருக்காது, அங்கிருந்து இன்னொரு இடத்துக்குத் துரத்துவார்கள் என்று தெரிந்த குடும்பம் கிளம்பத் தயங்கும். மூன்றாவது தாமதம்தான் முதல் தாமதத்தைப் பெற்றெடுக்கிறது.

நம் கிராமங்களில் இரண்டு தலைமுறைக்கு முன்வரை பிரசவம் பார்த்தவர் மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண். அரசு அவருக்குப் பயிற்சி கொடுத்தது. கத்தரி, நூல், சோப்பு வைத்த பெட்டி கொடுத்தது. உதிரப்போக்கையோ ஜன்னியையோ அந்தப் பெட்டியால் நிறுத்த முடியாது என்று தெரிந்த பிறகு அவரைக் கைவிட்டது. அவர் மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் சில நியாயமானவை. ஆனால் பெண்கள் ஏன் அவரிடமே போனார்கள்? எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார். கூடவே இருப்பார். அதே ஊருக்கு நான்கு மைலில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. காலை ஒன்பது மணிக்குத் திறந்து மாலை நான்கு மணிக்குப் பூட்டப்படும். ஒரு நாளின் 24 மணி நேரத்தில் 17 மணி நேரம் பூட்டிய கதவு. வலி எந்த நேரத்தில் எடுக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

1990களின் இறுதியில் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மும்மூன்று செவிலியர்களை நியமித்து, முறை வைத்து 24 மணி நேரமும் ஒருவராவது இருக்கும்படி தமிழ்நாடு செய்தது. பலருக்கு ஒப்பந்தச் சம்பளம்தான். அது தனிக் கதை, வருத்தமான கதை. ஆனாலும் ராத்திரி விளக்கு எரிந்தது. எங்கெல்லாம் எரிந்ததோ அங்கெல்லாம் பெண்கள் வந்தார்கள். ‘வர மாட்டார்கள்’ என்று அதற்கு முன் கூட்டம் போட்டுப் பேசிய அதே பெண்கள், அதே மாமியார்களோடு.

இங்கே வந்திருக்கும் செவிலியர் கல்லூரி மாணவியருக்காக உடம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. அந்த உடம்பில் மொத்தம் இருப்பதோ ஐந்து, ஆறு லிட்டர். நாம் இடுப்பில் தூக்கும் குடத்தில் பாதிகூட வராது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பை இறுகிச் சுருங்கி, வாய் திறந்த ரத்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். சில பெண்களுக்கு அது சுருங்காமல் தளர்ந்தே கிடக்கும். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. மாதாமாதம் செக்கப்புக்கு வந்து, எடை, ரத்த அழுத்தம், ஸ்கேன் எல்லாம் சரியாக இருந்த பெண்ணுக்கும் நேரும். பிரசவத்துக்குப் பிந்திய உதிரப்போக்கில் சிகிச்சை கிடைக்காவிட்டால் சராசரியாக இரண்டு மணி நேரத்தில் உயிர் போகும் என்பது மெய்ன் குழுவினரின் கணக்கு. ஜன்னிக்கு இரண்டு நாள். குழந்தை வெளிவர முடியாமல் மாட்டிக்கொண்டால் மூன்று நாள். கிருமித் தொற்றுக்கு ஆறு நாள். இரண்டு மணி நேரம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

உதிரப்போக்கைத் தடுக்கும் முதல் மருந்து ஆக்சிடோசின், பத்து யூனிட், ஒரு ஊசி. விலை அதிகமில்லை. ஆனால் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்காவிட்டால் வீரியம் குறையும். சித்திரை வெயிலில் வாரக்கணக்காகத் தினமும் கரண்ட் போகும் ஊரில், குளிர்பெட்டிக்குள் இருந்த மருந்துக் குப்பி பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும். ஊசி போட்டாயிற்று என்று பதிவேட்டில் எழுதப்படும். கருப்பை சரியாகச் சுருங்காமல் போகலாம். ஆகவே என் கணக்கில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் இன்வெர்ட்டர் பேட்டரியும் தாய்நலம்தான். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி, கிராம நிலையம்வரை மருந்து தட்டாமல் போக வழி செய்ததை இந்தத் துறையின் பெரிய சாதனைகளில் ஒன்றாக நான் சொல்வதற்கு இதுவே காரணம். அதற்கு யாரும் மேடை போட்டு மாலை போடுவதில்லை.

2023இல் வெளிவந்த ஓர் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் நடந்தது. பிரசவத்துக்குப் பின் பெண்ணுக்கு அடியில் அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து, வடியும் ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்தார்கள். அளவு தாண்டியதும் செய்ய வேண்டியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவான சாவும் சேர்ந்து 60 விழுக்காடு குறைந்தன. புதிய மருந்து ஒன்றும் இல்லை. ஒரு விரிப்பும், அதைப் பார்த்த மறு நிமிடம் கையை எட்டும் மருந்துகளும், தானே முடிவெடுக்க அனுமதிக்கப்பட்ட ஒரு செவிலியரும்.

தமிழ்நாட்டின் கணக்கு நல்ல கணக்குதான், மறுக்கவில்லை. மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி 2001-03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தார்கள், 2018-20இல் 54. நாடு முழுவதற்குமான எண் அதே காலத்தில் 301இலிருந்து 97க்கு இறங்கியது. மாவட்டந்தோறும் அறுவை அரங்கு, ரத்த வங்கி, மயக்க மருத்துவரோடு சீமாங்க் எனப்படும் அவசர மகப்பேறு மையங்கள் வந்தன. 2008இல் 108 வண்டி வந்தது. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்துப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. பக்கத்துக் கேரளத்தில் 2018-20இல் தாய்மார் சாவு 19. அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் குழந்தைகள் பிறந்த நம் மாநிலத்தில் 54 என்றால் ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான பெண்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மிடம் வந்து சேர்ந்தவர்கள். கிளம்பினார்கள், வந்தார்கள், இறந்தார்கள். இனியும் விவரம் தெரியாதவள் என்று அவளைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அவள் ஏன் இறந்தாள் என்று கேட்கும் முறை ஒன்று நம்மிடம் இருக்கிறது. 1990களின் நடுவிலேயே தமிழ்நாடு அதைத் தொடங்கி, 2004இல் அரசாணையாக்கியது. நடுவண் அரசு 2010இல்தான் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பின் 42 நாளுக்குள்ளோ இறந்தால் கணக்கில் வரும். மருத்துவக் குழு அவள் வீட்டுக்குப் போய் நடந்ததைக் கேட்டு எழுதும். ஆஸ்பத்திரியில் தனியாக ஆய்வு நடக்கும். பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம். அதற்கு இறந்தவளின் உறவினரையும் அழைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். ஒரு கூலித் தொழிலாளி, மனைவியைப் பறிகொடுத்தவன், ஆட்சியர் எதிரில் உட்கார்ந்து “ராத்திரி பத்து மணிக்கு வந்தோம், ரெண்டு மணிக்குத்தான் டாக்டர் வந்தார்” என்று சொல்லலாம். அந்த டாக்டரையும் கூட்டத்துக்கு அழைப்பார்கள். நம் நிர்வாகத்தில் இதற்கு இணையான இன்னோர் ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த ஆய்வுகள் உண்மையாகவே சிலவற்றை மாற்றின. ரத்தம் இல்லாமல் இறந்தார்கள் என்ற முடிவு திரும்பத் திரும்ப வந்ததால்தான் ரத்த சேமிப்பு நிலையங்கள் கீழ்மட்டம்வரை வந்தன. ரத்தசோகையோடு வந்து, சாதாரணப் பெண் தாங்கும் உதிரப்போக்கையே தாங்க முடியாமல் போனவர்களைப் பார்த்துத்தான் கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச் சத்தை ஊசி வழியாக ஏற்றும் வழக்கம் பரவியது.

அதே கூட்டம் கெட்டுப்போவதையும் பார்த்திருக்கிறேன். யார் செய்த தவறு என்ற கேள்வி முதலில் வந்துவிட்டால், ஏன் இறந்தாள் என்ற கேள்விக்கு இடமிருக்காது. விரல் பெரும்பாலும் கீழ்நோக்கி நீளும். மயக்க மருத்துவர் பணியிடம் காலியாகக் கிடந்ததை யாரும் பேச மாட்டார்கள். கிராம சுகாதார செவிலியர் நான்காவது முறை வீட்டுக்குப் போனாரா என்று கேட்பார்கள். மெமோ கொடுப்பார்கள். சில நேரம் தற்காலிகப் பணிநீக்கம். ஐயாயிரம் பேருக்கு ஒருவராக, தடுப்பூசியிலிருந்து குடும்பநலம்வரை எல்லாவற்றையும் சுமந்து, இரவில் உட்கார்ந்து கணினியில் விவரம் ஏற்றும் அந்த நர்ஸம்மா அன்றைக்குப் பலியாவார்.

அடுத்த நாளிலிருந்து என்ன நடக்கும்? கேஸ் ஷீட் எழுதப்படும் விதம் மாறும். நடந்தது போய், நடந்திருக்க வேண்டியது அதில் ஏறும். இன்னொன்று இதைவிட மோசம். கொஞ்சம் சிக்கல் தெரிந்தாலும் ‘மேல்சிகிச்சைக்கு’ என்று எழுதி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாலுகா ஜி.எச்.; அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை; அங்கிருந்து மருத்துவக் கல்லூரி. ஒவ்வோர் இடத்திலும் சீட்டு ஒழுங்காக இருக்கும். ஒவ்வொருவரும் தம் கட்டடத்தில் சாவு விழாமல் காத்துக்கொள்வார்கள். அவள் வண்டியில் இறந்துபோவாள். இப்போது சொல்லுங்கள், அந்த இரண்டு மணி நேரத்தைத் தின்றது யார்?

இங்கிலாந்தும் வேல்ஸும் 1952இல் ரகசிய விசாரணை முறையைத் தொடங்கின. பெண்ணின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் மருத்துவரின் பெயரும் நீக்கப்பட்ட தாள்களை வேறிடத்து வல்லுநர்கள் படித்து, கற்றதை வெளியிடுவார்கள். கேரளத்தில் மகப்பேறு மருத்துவர் சங்கம் 2004 முதல் அதே வழியில் போகிறது. தண்டனை இல்லாவிட்டால் அலட்சியம் பெருகாதா என்று கேட்பீர்கள். வேண்டுமென்றே கைவிட்டவருக்குச் சட்டம் இருக்கிறது, அது தன் வழியில் போகட்டும். ஆனால் குடும்பத்தாரை எதிரில் உட்கார வைக்கும் தமிழ்நாட்டின் துணிச்சலும், பெயரை நீக்கிப் படிக்கும் கேரளத்தின் நிதானமும் சேர்ந்தால்தான் முழுமை. ஒன்றில்லாமல் மற்றது பஞ்சாயத்தாகும், அல்லது மருத்துவர்களுக்குள்ளான கருத்தரங்காகும்.

99.6 விழுக்காட்டுக்கு வெளியே நிற்பவர்களையும், உள்ளே வந்தும் தனித்து நிற்பவர்களையும் பற்றிச் சொல்ல வேண்டும். மலைக் கிராமங்களிலிருந்து தூளி கட்டித் தோளில் தூக்கி இறக்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்து நடந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அன்று பாம்புக் கடிக்கு இல்லாத சாலை பிரசவத்துக்கும் இல்லை. மலைப்பகுதிகளில் பிரசவ நாளுக்குச் சில நாள் முன்பே வந்து தங்கும் காத்திருப்பு அறைகளைக் கட்டியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் இரண்டு சிறு குழந்தைகளையும் ஆட்டையும் விட்டுவிட்டு அவள் எப்படி வந்து தங்குவாள்? குழந்தைகளையும் சேர்த்துத் தங்க வைத்துச் சோறு போடும் இடத்தில் அந்த அறை நிரம்புகிறது, மற்ற இடத்தில் சாமான் அறையாகிவிடுகிறது.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் நம் வழக்கமும் ஒரு கண்ணியை அறுக்கிறது. ஏழாம் மாதம்வரை புகுந்த ஊர் நர்ஸுக்கு அவளைத் தெரியும். ரத்தசோகை, போன மாதம் ஏறிய பிரஷர் எல்லாம் தெரியும். வளைகாப்பு முடிந்து அவள் ஊர் மாறுகிறாள். கர்ப்பத்தைப் பதியும்போது தரும் பிக்மி எண் இதற்காகத்தான் வந்தது, ஓரளவு பயனும் உண்டு. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பத்துப் பெண்ணுக்கோ ஊர் மாறுவது ஆண்டு முழுதும்.

இன்னொருத்தியைப் பற்றி, சிறுமியாகவே தாயாகிறவளைப் பற்றிப் பேசவே நாம் கூசுகிறோம். 2019-21 கணக்கெடுப்பில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன் மணமானவர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் மகப்பேறு நிதி உதவித் திட்டம் இருக்கிறது. 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கி, 2006இல் 6,000, 2011இல் 12,000, பின்னர் 18,000 என உயர்ந்தது. உதவி பெற 19 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். குழந்தை மணத்துக்கு எதிராகப் போராடியவர் பெயரிலான திட்டம் குழந்தை மணத்துக்குப் பணம் தரக்கூடாது என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 17 வயதில் கருவுற்றவளுக்கு ஆபத்து கூடுதல், உதவியோ இல்லை. மேலும் அவள் பெயரைப் பதிந்தால் போக்சோ வழக்கு வரும், கணவன் சிறைக்குப் போவான் என்ற பயத்தில் குடும்பம் அவளை ஒளித்து வைக்கிறது. வயதைக் கூட்டிச் சொல்கிறது. ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோதான் முதல் செக்கப். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் அடையாளத்தைக் காவல்துறைக்குச் சொல்ல மருத்துவர் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொன்னது. பிள்ளை பெற வரும் சிறுமிக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும். குழந்தை மணத்தைத் தடுக்க வேண்டிய இடம் கல்யாண மண்டபம். பிரசவ அறையின் வாசல் அல்ல.

பிரசவ அறைக்குள் நடப்பதைப் பற்றி மாணவியரிடம் நேராகவே சொல்கிறேன். வலியில் கத்தும் பெண்ணை வாய்க்கு வந்தபடி பேசுவதும், தொடையில் அறைவதும், ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு ஒரு விலை என்று பணம் கேட்பதும் இன்னும் ஒழியவில்லை. உறவுக்காரப் பெண் ஒருத்தி உடனிருக்கலாம் என்று அரசு எப்போதோ அனுமதி கொடுத்துவிட்டது. இடமில்லை என்று சொல்லி அவரை வெளியே நிறுத்துகிறோம். இப்படி அவமானப்பட்டுத் திரும்பியவள் அடுத்த பிரசவத்துக்குக் கடன் வாங்கித் தனியாரிடம் போவாள். அங்கே அறுவை எளிதில் நடக்கும். மாநிலத்துப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைப் பிரசவம் என்கிறது அதே 2019-21 கணக்கெடுப்பு. தேவையில்லாமல் கீறிய கருப்பையில் அடுத்த முறை நஞ்சுக்கொடி தழும்பில் வேர்விட்டுப் பிடித்துக்கொண்டால் பாட்டில் பாட்டிலாக ரத்தம் வேண்டும். கீறியது நகரத்தில், ரத்தம் போவது கிராமத்தில்.

நான் கேட்பது ஒன்றுதான். ஆட்சியர் தலைமையில் நடக்கும் தாய் இறப்பு ஆய்வின் முடிவு, கோப்போடு மேலே போய்விடுகிறது. இறந்தவளின் ஊருக்குத் திரும்பி வருவதில்லை. மாவட்டந்தோறும் ஆண்டுக்கு ஒரு முறை, பெயரும் ஊரும் நீக்கி, எத்தனை பேர் இறந்தார்கள், எந்தெந்தத் தாமதத்தால், அதற்குப் பிறகு என்ன மாற்றப்பட்டது, எந்தப் பணியிடம் இன்னும் காலியாக இருக்கிறது என்று நாலு பக்கத்தில் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒரு கூட்டத்தில் அந்த நாலு பக்கத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. இங்கே வந்திருக்கும் அலுவலர்கள் அதை ஆட்சியரிடம் எடுத்துச் செல்லுங்கள். மாணவியரே, நீங்கள் உங்கள் ஊர்க் கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்.